பீரோவின் இடது கைப்பிடி

எங்கள் இசைக்குழுவில் என் மனைவிக்கு வைத்த பெயர் பீரோ. ஆள் ஒல்லிதான். பெயர் வந்தது, அவள் கிட்டார் வாசிக்கும்போது பக்கத்தில் நிற்கும் இரும்புப் பெட்டியால். இடுப்பு உயரம், நான்கு தட்டு, தட்டுக்கு ஒரு கருவி. ஒன்று கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலி கொடுக்கும், மற்ற இரண்டும் என்ன செய்யும் என்று அவளுக்குத்தான் தெரியும். ரேக் என்பார்கள். தூக்க இரண்டு பேர் வேண்டும். வலது கைப்பிடி அவளுடையது, இடது என்னுடையது. பதினோரு வருடமாக எங்கள் இல்லறம் இப்படித்தான் நடக்கிறது.

வார நாட்களில் அவள் எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் பார்க்கிறாள். ஒரு கடைக்காரர், ஐம்பது கிராம் கூட்டிக் காட்டுகிற மாதிரி செய்து தரச் சொன்னார். வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்க, அவர்கள் முன்னாலேயே, "இந்தத் தராசு பொய் சொல்லாதுங்க, நீங்க வேணா சொல்லிக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்படிப்பட்டவள்.

பெட்டியில் துளை போட்டுக் கருவிகளைத் திருகியதும் அவளே. பக்கவாட்டில் பழைய லிஃப்ட் பட்டன் ஒன்றைப் பொருத்தியிருக்கிறாள். இடுப்பால் ஒரு இடி இடித்தால் நான்கு கருவியும் சேர்ந்தாற்போல் அடுத்த பாட்டின் சத்தத்துக்கு மாறிவிடும். முந்தின நாளே பட்டியலைப் பார்த்து வரிசையாக ஏற்றி வைத்துவிடுவாள். கை கிட்டாரை விடாது, கண் கூட்டத்தை விடாது. ஒரே சங்கடம், பட்டியலின் வரிசை மாறக் கூடாது. மாறினால் தாலாட்டுப் பாட்டுக்கு லாரி உறுமும்.

குழுத் தலைவர் என் மச்சான், அவளுடைய சொந்த அண்ணன். கீபோர்டு வாசிப்பவர். முன்வரிசையில் பெரிய மனுஷன் யாராவது வந்து உட்கார்ந்தால் போதும், அவருக்குப் பிடித்த பாட்டை அந்த நிமிஷமே நுழைத்துவிடுவார். அண்ணனுக்கும் தங்கைக்கும் முட்டிக்கொள்வது அங்கேதான்.

புது அரங்கத் திறப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு பலகையோடு வந்தார். அதில் ஆறு பெடல்கள், ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவு, காலால் மிதித்தால் பெட்டிக் கருவிகளின் வேலையைச் செய்யும்.

"இத காலுக்கடியில போட்டுக்க. நான் எந்தப் பாட்டச் சொன்னாலும் மிதிச்சா முடிஞ்சுது. அரங்கம் மாடியில, லிஃப்ட் இன்னும் ஓடல. பீரோவத் தூக்கிட்டு வர்றதா இருந்தா நீ வர வேணாம், வேற ஆள் பேசி வெச்சிருக்கேன். பாவம், மாப்பிள்ளைக்கு முதுகு வேற சரியில்லையாம்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முதுகு வலியை மச்சானிடம் புலம்பியது நான்தான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும். நான் சுவரைப் பார்த்தேன்.

மச்சான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெடல் தோள்பையில் போகும். ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றிவிட்டு வாசிக்கலாம். பெட்டியில் ஒரு ஒயர் விட்டால் நான்கும் ஊமை. அவளும் முரண்டு பிடிக்காமல் சனிக்கிழமை ஒத்திகையில் பெடலை வைத்தே வாசித்தாள். மெதுவான இடத்திலிருந்து தனி வாசிப்புக்குத் தாவ மூன்றை அணைத்து இரண்டைப் போட வேண்டும், அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். போதாக்குறைக்கு, தாலாட்டைப் பாடியபடி முன்னால் நடந்து வந்த பாடகி பலகையின் மேலேயே காலை வைத்துவிட்டாள். எழுந்த உறுமலில் தூங்குகிற குழந்தை ஊரை விட்டே ஓடியிருக்கும்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு, குறை சொல்ல மாட்டேன்," என்று கிட்டாரைக் கழற்றினாள். "ஆனா நான் வாசிக்க வந்தவ அண்ணா. தையல் மெஷின் மிதிக்க வரல. நாளைக்குப் பெட்டி வரும்."

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள், "முதுகு வலின்னா எங்கிட்டச் சொல்ல என்ன?"

"சொன்னா பெட்டிய விட்டுடுவியா?"

"விட மாட்டேன். படியில அஞ்சு எடத்துல இறக்கி வெச்சுத் தூக்கலாம்."

மறுநாள் நாற்பத்திரண்டு படி. ஐந்து இடத்தில் இறக்கினோம். மேலே குழு மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது, ஒருவரும் இறங்கி வரவில்லை. வேற ஆள் என்று மச்சான் சொன்ன ஆளும் வரவில்லை. பெடல் பலகையைக் காலடியில் வைத்திருந்த மச்சான் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடித்தார். "அடுத்து, உங்களுக்காக ஒரு தாலாட்டு." பட்டியலில் அது பத்தாவது. முன்வரிசையில் பெரிய மனுஷன் எவனும் இல்லை. அவளை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தத்தான் செய்தார்.

அவள் நிதானமாகப் பாடகியின் மைக் அருகே போனாள்.

"தாலாட்டு பத்தாவது பாட்டு. நாங்க மூணுல நிக்கிறோம். அண்ணனுக்கு அவசரம், என் பெட்டி வரிசையிலதான் வரும். இன்னும் ஏழு இடி இருக்கு, கொஞ்சம் எண்ணிக்கோங்க."

திரும்பி வந்து பெட்டியை இடுப்பால் இடித்தாள். கம்பியில் ஒரே ஒரு மீட்டு. அரங்கம் அதிர்ந்தது. இரண்டாவது இடி, மணி மாதிரி ஒரு சத்தம். மூன்றாவதற்கு யாரோ ஒரு பெரியவர் "மூணு" என்றார். ஐந்துக்கு மொத்தக் கூட்டமும் எண்ணியது. ஏழாவதில் கிட்டார் முணுமுணுவென்று இறங்க, அவள் அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் கீபோர்டில் தாலாட்டை ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் வேறு எந்தப் பாட்டையும் மாற்றவில்லை.

எல்லாம் முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது வந்தார். "அடுத்த வாரப் பட்டியல வெள்ளிக்கிழமையே குடுத்துடறேன். மாத்த மாட்டேன்." சொல்லிக்கொண்டே குனிந்து இடது கைப்பிடியைப் பிடித்தார். "மாப்பிள்ளைக்கு முடியாது, நான் தூக்கறேன்."

"கைய எடு அண்ணா," என்றாள். "அது அவரோடது. நீ உன் பெடல் பலகையத் தூக்கிக்கிட்டு முன்னால போ."

அவர் போனார். நான் குனிந்து பிடித்தேன். முதுகு வலித்தது. படியில் முதல் நிறுத்தம் வந்ததும், "வைக்கலாமா?" என்று கேட்டாள்.

"நட," என்றேன்.