அண்ணனின் கியூ

கண்ணாடி மேசையின் மேல் குச்சியைக் கிடத்தி, உள்ளங்கையால் உருட்டிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்க்கிறார் சலவைக்கடை அக்கா. குச்சி கடகடவென்று ஓடி, நடுவில் ஒரு துள்ளு துள்ளி, முதுகு மூடி இல்லாத ரேடியோ ஒன்றில் முட்டி நிற்கிறது.

"கோணல்," என்கிறார்.

"குச்சி நேராத்தான்க்கா இருக்கு. என் மேசதான் கோணல்," என்கிறார் பழைய சாமான் கடைக்காரர்.

"அப்ப மேசைக்கும் சேத்து வெலையக் கொற."

ஊரிலுள்ள பழைய சாமான் கடைகள் அத்தனையும் அக்காவுக்கு அத்துப்படி. சலவைக்கடைக்கு விடுமுறை விட்டதும் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கடைக்குள் நுழைந்ததும் குச்சியைத் தேட மாட்டார். காது உடைந்த கோப்பை, ஓடாத கடிகாரம், யாருடையதோ கல்யாணப் படம் என்று ஒவ்வொன்றாக விலை கேட்பார். எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்குவார். கடைசியில்தான் மூலையில் கிடக்கும் குடைகளுக்கும் கைத்தடிகளுக்கும் நடுவே கண் போகும். "ஒட்டடை அடிக்க ஒரு கோல் வேணும். இது ஆகுமா பாரு." பூல் மேசையில் பந்தடிக்கும் குச்சி, ஆடுகிறவர்கள் 'கியூ' என்பார்களே, அது என்று தெரிந்தால் விலையைக் கூரைக்கு ஏற்றிவிடுவார்கள். ஒட்டடைக் கோலுக்கு அடிமாட்டு விலைதான்.

ஒருமுறை ஒரு புதுக் கடையில் வாய் தவறி, "கியூ இருக்கா?" என்று கேட்டுவிட்டார். கல்லாவில் இருந்தவர், "கியூவெல்லாம் எங்கக்கா, காலையிலேர்ந்து ஈ ஓட்டிட்டு இருக்கேன். நேரா உள்ள வாங்க," என்றார். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அக்கா அப்படியே வெளியே வந்துவிட்டார். அந்த ஒரு சொல்லால் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

நாற்பதைத் தாண்டியவர். இஸ்திரிப் பெட்டி பிடித்துப் பிடித்து வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் சட்டைக் காலரைப் பார்த்துத்தான் பேசுவார்; ஆளைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் அங்கே படிந்திருக்கும் என்பது அவர் கட்சி. எதற்கெடுத்தாலும் "சரியாப் போச்சு போ" என்பார். மெஷின் நின்றுபோனாலும் அதுதான், யாராவது பாராட்டினாலும் அதுதான்.

கடை உண்மையில் அண்ணனுடையது. அக்காவின் வீட்டுக்காரர் திடீரென்று கண்ணை மூடியபோது, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்ற தங்கையின் கையில் கடைச் சாவியை வைத்துவிட்டு, கப்பலில் சலவை வேலைக்குப் போய்விட்டார் அண்ணன். கல்யாணம் காட்சி எதுவும் செய்துகொள்ளாத மனிதர். அவருக்கிருந்த ஒரே சுகம் சாயங்காலம் கிளப்பில் போய்ப் பந்தடிப்பது. வீட்டில் அந்தக் குச்சிக்குக் குச்சி என்றுதான் பெயர். புறப்படும் அன்று மட்டும் ஏனோ கிளப் பாஷையில் பேசினார்: "கடைய நீயே வெச்சுக்கோ பாப்பா. என் கியூவ மட்டும் பத்திரமாப் பாத்துக்கோ. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

கியூவையா? காலையில் கடை வாசலில் நிற்குமே, அந்தக் கியூவையா? துணி போட வருகிறவர்கள் மேல் அண்ணனுக்கு இவ்வளவு பாசமா! அன்றிலிருந்து கியூவைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். டோக்கன் கொடுத்தார். வருகிறவர்களின் பெயர், வேலை, முழங்கால் வலி எல்லாம் விசாரித்தார். வயதானவர்கள் உட்காரப் பக்கத்து அறையை ஒழித்து பெஞ்சு போட்டார். அப்போதுதான், அங்கே கிடந்த உடைந்த ஹேங்கர், ஓட்டை வாளி, மூலையில் சாய்ந்து நின்ற குச்சி எல்லாவற்றையும் அள்ளிப் பழைய சாமான் வண்டிக்காரரிடம் போட்டார். கியூவுக்காகக் கியூவைத் தூக்கிப் போட்டவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

கப்பலிலிருந்து ஃபோன் வருவது அபூர்வம். வந்தாலும் பாதி இரைச்சல்.

"கியூ எப்படி இருக்கு பாப்பா?"

"நல்லா நீளமா இருக்குண்ணா!"

"அது எப்பவும் நீளந்தானே. வளையாம இருக்கா?"

"எங்க? வளைஞ்சு தெருமுனை வரைக்கும் போகுது."

"என்னது? வெயில்ல கியில்ல வெச்சியா?"

"வெயில்லதான் நிக்குது, பாவம். மேல ஒரு ஷீட்டு போடலாம்னு பாக்கறேன்."

தண்ணீரில் அண்ணன் குழம்பினார், தரையில் தங்கை குழம்பினார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டு இருவரும் வருடக்கணக்கில் இப்படியே பேசினார்கள். "முனையில தோல் நல்லா இருக்கா?" என்று ஒருநாள் அவர் கேட்டபோதுதான் அக்காவுக்கு என்னவோ உறுத்தியது. அன்றைக்குக் கியூவின் முனையில் நின்றவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் தோலைப் பற்றி அண்ணனுக்கு எதற்கு இவ்வளவு கவலை?

"எந்தத் தோலுண்ணா?"

"குச்சி முனையில ஒட்டியிருக்கற தோலுதான்! நான் பந்தடிப்பேன்ல, அந்தக் குச்சி!"

அக்காவின் கண் பக்கத்து அறையின் வெறும் மூலைக்குப் போனது. வாய் மட்டும் தன்பாட்டுக்குப் பேசியது. "பத்திரமா இருக்குண்ணா."

வண்டிக்காரரைத் தேடிப் பிடித்தார். எந்தக் கடையில் போட்டேனோ யார் கண்டது என்று அவர் கையை விரித்துவிட்டார். சரி, கடை கடையாகத் தேடலாம் என்றால், தேடுகிற பொருளுக்கு ஓர் அடையாளம் வேண்டாமா? ஒரு பக்கம் குண்டு, ஒரு பக்கம் ஒல்லி. எல்லாக் குச்சியும் அப்படித்தான். பிடி கறுப்பா, பழுப்பா? கறுப்பு என்றுதான் முதலில் நினைத்திருந்தார். கறுப்புப் பிடி ஒன்றைக் கையில் எடுத்ததும் பழுப்பு என்று தோன்றியது. பழுப்பைப் பார்த்தால் மறுபடியும் கறுப்பு. நடுவில் திருகிக் கழற்றுகிற மாதிரி இருந்ததா, ஒரே கட்டையா? கிளப்புக்கே போய்க் கேட்டார். அண்ணனோடு பல காலம் ஆடிய காவலாளி நெற்றியைத் தேய்த்து யோசித்துவிட்டு, "நீளமா இருக்கும்மா," என்றார்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். கடையையே தூக்கிக் கொடுத்தவர் கேட்டது ஒன்றே ஒன்று. அண்ணன் வந்து திட்டினால்கூட அக்கா வாங்கிக்கொள்வார். ஒன்றும் சொல்லாமல் கப்பலுக்குத் திரும்பிவிட்டால்? அந்த நினைப்பு வந்தால் இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றுவிடும், தீய்ந்த வாடை வந்த பிறகுதான் நகரும். அதனால் சந்தேகம் தட்டிய குச்சியையெல்லாம் வாங்கிவிடுகிறார். விட்டுவிட்டு வந்த குச்சிதான் அண்ணனுடையது என்றால் என்ன செய்வது? அந்த விளையாட்டை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் சுவரில் சாய்த்து வைத்தால் குச்சி வளைந்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து, இஸ்திரி மேசைக்கு அடியில் போர்வை விரித்து எல்லாவற்றையும் படுக்க வைத்திருக்கிறார். வாசலில் ஒரு கியூ, மேசைக்கு அடியில் ஒரு கியூ.

இன்று கோணல் குச்சியைப் பாதி விலைக்கு முடித்துக்கொண்டு கடைக்கு வந்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் பெட்டியின் மேல் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். தலை முழுக்க நரை.

"கையில என்ன பாப்பா?"

ஒட்டடைக்கோல் என்று சொல்ல வாயெடுத்தவருக்கு அழுகைதான் வருகிறது. கதவைத் திறந்து, மேசைக்கு அடியிலிருந்து போர்வையோடு எல்லாவற்றையும் இழுத்துப் போடுகிறார்.

"இதுல எதாவது உன்னுதான்னு பாருண்ணா. நான்தான் தூக்கிப் போட்டுட்டேன். கியூன்னா வாசல்ல நிக்கிறவங்கன்னு நெனச்சிட்டேன்."

அண்ணன் போர்வையைப் பார்க்கிறார், தங்கையைப் பார்க்கிறார். பிறகு குனிந்து ஒன்றை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுதான்," என்கிறார்.

அக்கா அந்தக் குச்சியை உற்றுப் பார்க்கிறார். அதுவாக இருக்கவே முடியாது. ஒரு கடைக்காரர் தன் மாமனார் ஆடிய குச்சி என்று சொல்லி அழாக்குறையாகக் கொடுத்தது அது. அப்படியானால் அண்ணனுக்கு அடையாளம் மறந்துவிட்டதா? தங்கையைத் தேற்றுகிறாரா? இல்லை, அந்தக் கடைக்காரர்தான் விலைக்காக இல்லாத மாமனாரை உண்டாக்கினாரா? அண்ணன் முகத்தைப் பார்க்கிறார், காலரைப் பார்க்கிறார். ஒன்றும் பிடிபடவில்லை.

"வளைஞ்சிருக்கேண்ணா?"

"நான் மட்டும் என்ன, நிமிந்தா இருக்கேன்?" குச்சியைப் போர்வையில் திரும்ப வைக்கிறார் அண்ணன். "லீவு முடிஞ்சதும் கப்பலுக்குப் போகணும். இது இங்கயே இருக்கட்டும். கியூவப் பாத்துக்கோ."

"எந்தக் கியூண்ணா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே முகம் கழுவப் பின்னால் போகிறார். குழாய்ச் சத்தம் கேட்கிறது. அக்கா இழுப்பறையைத் திறந்து, துணிகளில் பெயர் எழுதிக் கட்டும் சீட்டுகளை எடுக்கிறார். ஒன்றில் "அண்ணன்" என்று எழுதி, அவர் காட்டிய குச்சியின் கழுத்தில் நூல் சுற்றி முடிச்சுப் போடுகிறார். பிறகு இன்னொரு சீட்டை எடுத்து அதிலும் "அண்ணன்" என்று எழுதி, பக்கத்துக் குச்சியில் கட்டுகிறார். அதற்கடுத்த குச்சியையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவை மறுபடி திறக்கிறார்.