காசிமிரின் கால்

டெட்ராய்ட்டில் வாண்டா குபியாக்கைத் தெரியாதவர்களுக்கும் அவளுடைய ஆரஞ்சு காரைத் தெரியும். எட்டு சிலிண்டர், 1969 மாடல். ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். அப்படிப்பட்ட காரை அவள் சவ ஊர்வலம் மாதிரி உருட்டுவாள். உட்வர்டு சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு, போகிற வருகிற கார்களை வேடிக்கை பார்க்கும் கிழவர்கள், "வாண்டா, காருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கிண்டலடிப்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவாள்.

காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்சம் வேகம் கூட்டினால் போதும், ஆக்சிலேட்டர் தானாகவே கீழே இறங்கும். காலை எடுத்தாலும் மேலே வராது, பிரேக்குக்கும் அடங்காது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தால்தான் விடும்.

அது செத்துப்போன அப்பா காசிமிரின் கால் என்று நம்பினாள். அவர் கார் தொழிற்சாலையில் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கைப் பொருத்தியவர். தனக்காகப் பதிவு செய்த கார் உற்பத்தி வரிசையில் வந்தபோது, அந்த மவுண்டிங்கில் ஆணியால் தன் பெயரைக் கீறி வைத்தார். அவருக்குப் பின் அண்ணன் எட்மண்ட் ஓட்டினான். தொண்ணூற்றேழில் ஒரு பட்டப்பகலில் மரத்தில் மோதி, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்தான். குடித்துவிட்டு ஓட்டினான் என்றது ஊர். அப்பாதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று வாண்டா உள்ளூர நடுங்கினாள். நொறுங்கிய கதவை மாற்றி, காரைத் தானே வைத்துக்கொண்டாள். விற்க மனசு வரவில்லை.

இந்த ஆகஸ்டில் மகள் டெனிஸ் சாவியைக் கேட்டாள்.

"உன் பேட்டரி கார்தான் தையல் மிஷின் கணக்கா ஓடுதே, அதையே ஓட்டு."

"தாத்தா காரை இப்படிப் பொத்திப் பொத்தி வச்சு என்னம்மா பண்ணப் போற? ஒரே தடவை. நீயும் பக்கத்துல உட்காரு."

மகளும் போய்விடுவாளோ என்ற பயத்தை எப்படிச் சொல்வது? ஏறி உட்கார்ந்தாள்.

உட்வர்டு சாலையில் சிக்னல் பச்சையானதும் டெனிஸ் அழுத்தினாள். கார் பாய்ந்தது. "அம்மா, நான் காலை எடுத்துட்டேன்!"

வாண்டா குனிந்து பார்த்தாள். டெனிஸ் இரண்டு கால்களையும் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தாள். ஆக்சிலேட்டர் தரையோடு ஒட்டிக் கிடந்தது. அதன்மேல் யாருமில்லை. "அப்பா, இவளை விட்டுடுப்பா!" என்று அலறிக்கொண்டே சாவியைத் திருப்பினாள். மடக்கு நாற்காலிகளுக்கு ஒரு சாண் தள்ளிக் கார் நின்றது.

மறுநாள் டெனிஸ் அழைத்துவந்த மெக்கானிக் அந்த மவுண்டிங்கைக் கழற்றிக் காட்டினான்.

"ரப்பர் கிழிஞ்சு ரெண்டாப் போயிருக்கு. வேகமா மிதிச்சா இன்ஜின் எம்பும், கூடவே ஆக்சிலேட்டர் கம்பியையும் இழுத்துடும். பல வருஷமா இப்படியேதான் இருந்திருக்கு. ஏம்மா மாத்தல?"

ரப்பர் விரிசல் விடுகிறது, மாற்றிவிடலாம் என்று எட்மண்ட் விபத்துக்கு முன்பே சொன்னான். "அப்பா கை வச்சதைத் தூக்கிப் போடுவியா? அசல் போனா அது அப்பா காரா?" என்று கத்தித் தடுத்தவள் வாண்டாதான். எந்தப் பேயாவது வந்து தன்னை அடித்துப்போடக் கூடாதா என்றிருந்தது.

மவுண்டிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு எட்மண்டின் மனைவி கெயில் வீட்டுக்குப் போனாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். "அண்ணி, அவன் குடிக்கல. நான்தான் கொன்னுட்டேன்."

கெயில் துணியைப் பிரித்து மவுண்டிங்கைப் பார்த்தாள்.

"'நான் மிதிக்கல கெயில்'னு ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுச் சொன்னாரு. 'சாகற நேரத்துலயும் பொய்யா'ன்னு கையை உதறிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரிதான் போனாரு."