விளக்கின் மேல் போட்ட பழி

சில வருடங்களுக்கு முன், ஒரு தை மாதத்தில், சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது.

என் கணவருக்குத் தொலைநோக்கிப் பைத்தியம். கல்யாணத்துக்கு முன் பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து அவர் பார்த்த, ரோஜாப்பூ வடிவ வான்மேகம் ஒன்றை எனக்கும் காட்டிவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மேகம் என்றால் மழை மேகம் இல்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே பரந்து கிடக்கும் வாயு. பெரியது, ஆனால் மகா மங்கல். நேராகப் பார்த்தால் தெரியாது. பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்து, ஓரக்கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

ஊர் வெளிச்சத்தில் அது லேசில் சிக்குமா? லென்ஸில் ஃபில்டர் மாட்டினார். தலையைக் கறுப்புத் துண்டால் மூடிக்கொண்டார். நடுவில் இருக்கும் நட்சத்திரங்கள் தெரிகின்றன, சுற்றியுள்ள மேகம்தான் இல்லை என்பார். "நானும் பாக்கட்டுங்களா?" என்று கேட்டால், "இரு அம்மணி, மொதல்ல நான் புடிச்சுக்கறேன்" என்பார். இரண்டு குளிர்காலம் இப்படியே போனது. நானும் வற்புறுத்தவில்லை, சீக்கிரம் கீழே இறங்கிப் போர்வைக்குள் புகுந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

பழியெல்லாம் பக்கத்து ஒர்க் ஷாப்பின் ஃபோகஸ் லைட் மேல் விழுந்தது. அதன் முதலாளியிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே இவர் நிறுத்திவிட்டார். துணிக்கொடிக் கம்பத்தில் இடித்துக்கொண்டாலும், படியில் தடுமாறினாலும், "அந்த லைட்டு கண்ணக் கூசுது" என்பதுதான் பதில். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

கடைசியில் நானே போய் அந்த முதலாளியிடம் கேட்டேன். "இதுக்கு ஏனுங்க இத்தன நாளு? சொல்லியிருந்தா அப்பவே அணைச்சிருப்பனுங்களே" என்றார். அன்று இருட்டியதுமே அணைத்தும் விட்டார்.

கணவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, முதல் முறையாக எனக்கு இடம் விட்டார். அவர் சொல்லிக்கொடுத்தபடி பார்வையை ஓரமாகத் தள்ளி, தொலைநோக்கிக் குழாயை விரலால் லேசாகத் தட்டினேன்; மங்கலானது அசைந்தால் சட்டென்று கண்ணில் படுமாம். கண்ணாடியில் வாய் வைத்து ஊதியது போல, நட்சத்திரங்களைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது.

"தெரியுதுங்க" என்றேன் சந்தோஷமாக. "வட்டமா இருக்குதுங்க."

அவர் மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது என் முகத்தைத்தான் பார்த்தார். "எனக்குத் தெரியல கண்ணு" என்றார்.

கண் டாக்டரிடம் போனோம். கண்ணில் அழுத்தம் கூடி, ஓரப் பார்வை வெகுநாளாகவே குறைந்துகொண்டு வந்திருக்கிறது. வலி இல்லாததால் தெரியவில்லை. போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வானம் தெளிவாக இருக்கும் நாட்களில், ஒர்க் ஷாப்காரர் இப்போதும் கேட்காமலே லைட்டை அணைத்துவிடுகிறார். கணவர் தொலைநோக்கியைத் திருப்பி வைத்து, முதலில் என்னைத்தான் பார்க்கச் சொல்கிறார். எப்படி இருக்கிறது என்று கேட்பார். நானும் பார்த்துப் பார்த்துச் சொல்வேன்.

அந்த முதல் குளிர்காலத்திலேயே லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு, "கொஞ்சம் தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒரே ஒரு முறை பிடிவாதம் பிடித்திருந்தால் இன்று அவருக்கும் அந்த வளையம் தெரிந்திருக்குமோ என்ற நினைப்பு, ஒவ்வொரு முறை குனியும்போதும் என் நெஞ்சை அறுக்கிறது.