சேர்ந்தது எத்தனை பேர்?

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ப்ளஸ் டூ முடித்துவிட்டு, மயிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சும்மா இருந்தேன். நான்தான் சும்மா இருந்தேன், என் வாய் இல்லை. யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். "இவள கட்டிக்கினு போறவன் கதி அதோகதிதான்" என்று வீட்டில் எல்லாருக்கும் கிண்டல்.

அந்த வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நன்றாக விளைந்திருந்தது. அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரே ஒரு வாட்டி ஃபீஸ் கட்டுறேன். டைப்பிங் கத்துக்கினு வேலைக்குப் போறதுன்னா போ. இல்லன்னா தை மாசம் கல்யாணம்." எனக்குக் கல்யாணம் என்றாலே ஆகாது. அந்த ஒரு வாய்ப்பைத் தப்பான இடத்தில் தொலைத்தால் என் கதை அவ்வளவுதான் என்று நன்றாகத் தெரியும்.

விழுப்புரத்தில் இருந்த அக்கா வீட்டுக்காரர் அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு என்னையும் அப்பாவையும் கூட்டிப்போனார். அம்மாடி, என்ன ஜோர்! வாசலில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று ஆள் உயர போர்டு. சுவர் முழுக்க 'வேலையில் அமர்ந்தவர்கள்' என்று போட்டோக்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே பேரும் ஊரும். டை கட்டிய மேனேஜர், "ஆறு மாச ஃபீஸையும் இன்னிக்கே கட்டிடுங்க, அப்புறம் சீட்டு இருக்காது" என்றார். அப்பா மடியை அவிழ்க்கப் போனார்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். பாதி மிஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. மீதியில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் காத்திருந்தார்கள். அடித்துக்கொண்டிருந்த பெண்ணோ குனிந்து எழுத்தைத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ இடித்தது. "நாளைக்கு வந்து கட்டலாம்பா" என்றேன். மாமாவுக்கு வந்ததே கோபம்! "இவ பெரிய கலெக்டரு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்துட்டா" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்து எங்களை பஸ் ஏற்றிவிட்டார்.

சுவரில் இருந்த ஒரு பெண்ணின் போட்டோவுக்குக் கீழே விக்கிரவாண்டி என்று பார்த்திருந்தேன். நாங்கள் போகிற வழிதானே? அப்பாவை அடம் பிடித்து அங்கே இறக்கினேன். "உன்னோட பேஜாரா போச்சி" என்று அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் நாலு பேரை விசாரித்து அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். அசட்டுத்தனமாக நான், "வேலை கெடச்சதுக்கு வாழ்த்துகள்" என்று சொல்லிவைத்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"இன்னுமா அந்த போட்டோ தொங்கிக்கினு கீது? புதுசா சேர்றவங்களுக்குச் சொல்லிக்குடுன்னு அங்கயே மூணு மாசம் வெச்சிருந்தாங்க. அதான் அவங்க சொல்ற வேலை."

நூற்றுக்கு நூறு தேர்ச்சி எப்படி என்று கேட்டேன். சந்தேகமான ஆளைப் பரீட்சைக்கே அனுப்ப மாட்டார்களாம். எழுதுவதே ஏழெட்டுப் பேர், அவர்கள் பாஸ், போர்டிலும் நூற்றுக்கு நூறு! அவள் இப்போது திண்டிவனத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் முதலிலிருந்து கற்றுக்கொள்கிறாளாம். "எங்க போனாலும் பாஸானது எத்தனை பேருன்னு கேக்காத. சேர்ந்தது எத்தனை பேருன்னு கேளு" என்று சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்குப் போகாமல் நேராகத் திண்டிவனம் போனோம். மாடியில் போர்டுகூட ஒழுங்காக இல்லை. ஆனால் எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. கீ ஒவ்வொன்றின் மேலும் எழுத்து தெரியாமல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து, புத்தகத்தை மட்டும் பார்த்து அடித்தார்கள். நடத்தியவர் ஒரு டீச்சரம்மா. நான் என் கேள்வியைப் போட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் ரெஜிஸ்டரை எடுத்து என் முன்னால் விரித்தார்.

சேர்ந்த எல்லார் பேரும் அதில் இருந்தது. பாஸாகி வேலைக்குப் போனவர்கள் நீல மையில். 'கல்யாணமாகி நின்றுவிட்டாள்', 'பஸ் வசதி இல்லை', 'ஃபெயில்' எல்லாம் சிவப்பு மையில். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு! அப்பா முகம் மாறிவிட்டது. "இத்தினி பேரு ஃபெயிலாங்க?"

"ஆமாங்க. ஃபெயிலானா திரும்ப எழுதலாம். எழுதவே விடலன்னா எப்படிங்க பாஸாவாங்க? ஃபீஸ் மாசா மாசம் கட்டுங்க போதும். புடிக்கலன்னா நின்னுக்கலாம்" என்றார் டீச்சரம்மா.

அப்பா அந்தச் சிவப்பு எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "வெத மல்லாட்டை வாங்குறப்ப எவ்ளோ மொளைக்காம போச்சின்னு கேட்டுதானே வாங்குறோம்? இந்தம்மா மறைக்காம காட்டுது. இங்கயே சேரு." அந்த நிமிஷம் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சேர்ந்தேன். முதல் பரீட்சையில் ஃபெயிலும் ஆனேன்! அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று தலை நிமிர்ந்து சூப்பர்வைசரிடம் கேள்வி கேட்டேன். அதற்குள் நேரம் போய்விட்டது. என் வாய்க்கு நல்லா வேணும். என் பேரும் சிவப்பில் ஏறியது. மாமா நக்கலடித்தார். தை மாசமும் வந்தது. "திரும்ப எழுதலாம்னு அந்தம்மா சொல்லிச்சே, எழுதட்டும்" என்று அப்பா ஒரே வார்த்தையில் எல்லார் வாயையும் அடைத்துவிட்டார். அடுத்த முறை வாயை இறுக்க மூடிக்கொண்டு எழுதினேன், பாஸ்! அப்புறம் டைப்பிங்கில் ஹையர் கிரேடு, சர்வீஸ் கமிஷன் பரீட்சை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, அதே விழுப்புரத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர் வாங்கினேன். விக்கிரவாண்டிப் பெண்ணுக்கும் விழுப்புரத்திலேயே வேலை கிடைத்தது. தினமும் அவளுக்கு பஸ்ஸில் இடம் போட்டு வைப்பேன். மாமா தன் தங்கையைச் சேர்க்க நல்ல இடம் எது என்று என்னிடம்தான் கேட்க வந்தார். "கலெக்டரம்மாகிட்டயா கேக்குறீங்க?" என்று ஒரு வாரம் ஓட்டினேன்.

ஆர்டரை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு டீச்சரம்மா ரெஜிஸ்டரை விரித்து, நீல மைப் பேனாவை என் கையில் கொடுத்தார். சிவப்பை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். "அது இருக்கட்டும், பக்கத்துல எழுது" என்றார். 'வேலை கிடைத்தது' என்று எழுதினேன். கண்ணீரில் எழுத்து கோணலாகப் போயிற்று.

இன்றைக்கும் யாராவது நூற்றுக்கு நூறு என்று பெருமை அடித்தால், சேர்ந்தது எத்தனை பேர் என்று என் வாய் தானாகக் கேட்டுவிடுகிறது. அப்படிக் கேட்கும்போதெல்லாம் நீல எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் சிவப்பு எழுத்தை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.