வெயிலில் வைத்த தொடர்கதை

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றில் நான் டைப்பிஸ்ட். மீஞ்சூரை ஒட்டிய எங்கள் காலனியிலிருந்து, கையில் மை படிகிற வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். மற்றவர்கள் கையில் படிந்தது சேறு. அப்பா இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மானத்தை வாங்குவார். எனக்கு அந்த வயதில் இருந்த ஆசையோ மிகவும் சின்னது. ஒரு புத்தகத்தை நான் படித்து முடித்ததும், என் கையிலிருந்து இன்னொரு பெண் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். இது ஒரு ஆசையா என்று கேட்பவர்களுக்கு அந்தப் புத்தகச் சுற்றைப் பற்றித் தெரியாது.

அப்போதெல்லாம் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்து, அடுக்கி, முடிந்ததும் அட்டை போட்டு பைண்டு செய்துகொள்வது வழக்கம். எங்கள் ஹெட் கிளார்க்கின் மனைவி அந்தக் கலையில் கெட்டிக்காரி. கம்பெனி குவார்ட்டர்ஸில் அவர் வீட்டு அலமாரி முழுக்க அப்படிப்பட்ட புத்தகங்கள். ஒரு பக்கம் கதை முடியும், எதிர்ப்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரத்தில் ஒருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில கதைகளுக்கு அது பொருத்தமாகவே இருக்கும்.

ஹெட் கிளார்க் அம்மா என்றே நாங்கள் கூப்பிட்ட அவர் ஒரு லிஸ்ட் போட்டிருந்தார். புத்தகம் முதலில் கணக்கர் மனைவிக்கு, பிறகு ஸ்டோர் கீப்பர் மனைவிக்கு, பிறகு எங்கள் டெலிபோன் ஆபரேட்டருக்கு, கடைசியில் எனக்கு. ஆளுக்கு ஒரு வாரம். மற்றவர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொள்வார்கள். என்னிடமிருந்து மட்டும் பியூன் ஒரு துணிப்பையோடு வந்து வாங்கிப்போவார்.

"இன்னாம்மா, பட்ச்சிட்டியா? அம்மா வாங்கினு வரச் சொல்லிச்சு" என்பார். பையின் வாயை அவரே விரித்துப் பிடிப்பார், நான் புத்தகத்தை உள்ளே போட வேண்டும்.

நான் கடைசியில் இருப்பது எதேச்சையானது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஆபரேட்டர் ஒரு முறை அக்கா பிரசவத்துக்காக லீவு போட்டாள். புத்தகம் அவளைத் தாண்டி எனக்கு வந்தது, என்னிடமிருந்து அவளுக்குப் போக வேண்டும். அவள் என் பக்கத்து நாற்காலிக்காரி. கையை நீட்டினால் போதும். ஆனாலும் பியூன் பையோடு வந்தார். புத்தகம் குவார்ட்டர்ஸுக்குப் போய், இரண்டு நாள் கழித்து, அதே பியூன் கையில் திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் இறங்கியது. நடுவில் என்ன ஆயிற்று என்று அவரிடம் கேட்டேன்.

"மதில் மேல வெயில்ல வெக்கும்மா. பூச்சி வந்துருமாம்."

"எல்லார்கிட்ட இருந்து வரும்போதும் வைப்பாங்களா?"

அவர் நல்ல மனிதர். பையை நான்காக மடிக்க ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகச் சிரிப்பும் வந்தது. நாங்கள் வெயிலில் காய்வது போதாதென்று எங்கள் கை பட்ட புத்தகமும் காய வேண்டுமாம். கும்மிடிப்பூண்டி வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் பூச்சி என்ன, கதாநாயகனே செத்துவிடுவான். நேரே போய் அந்த அம்மாவிடம் கேட்டேன், லிஸ்டில் என்னை நடுவில் போடச் சொல்லி.

"நீ கடைசில இருந்தாத்தாம்மா உனக்கு வசதி. நிதானமாப் படிக்கலாம் பாரு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, திருவள்ளூர்ல போய் என் புத்தகத்தைப் பத்தி நல்லாப் பேசிட்டு வா. அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

திருவள்ளூர் விஷயம் இதுதான். அங்கே ஒரு வாசகர் வட்டம், சுற்றுவட்டாரக் கம்பெனிகளிலிருந்து ஆளுக்கொரு நாவலைப் பற்றிப் பேச அழைத்துக் கடிதம் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்ய எங்கள் கம்பெனியில் எவனும் தயாராக இல்லை. ஆகவே இலக்கியத்துக்கு நான் தகுதியானவள் என்று ஹெட் கிளார்க் முடிவு செய்தார்.

பேச வேண்டிய நாவல், அந்தச் சமயம் என் கையில் இருந்த பைண்டு. ஒரு மிராசுதார் வீட்டுக் கதை. கல்யாணம், சொத்துத் தகராறு, மாப்பிள்ளையின் ஊமைக் கோபம், இத்யாதி. அந்த வீட்டுக் கொல்லைக்கு ஒரு பெண் வேலைக்கு வருவாள். எங்களைப் போன்றவள். மூன்றாம் அத்தியாயத்தில் இடுப்பில் குழந்தையோடு வருகிறாள். அடுத்து வரும்போது குழந்தை இல்லை. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை, நெல் தூற்றிவிட்டுப் போகிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன்: மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு ஐந்து. ஏழுக்குப் பிறகு ஒன்பது. பதினொன்றுக்குப் பிறகு பதிமூன்று. இப்படியே முப்பத்து மூன்று வரை.

மூளையுள்ள எவரும் கத்தரிக்கோலைச் சந்தேகித்திருப்பார்கள். நான் மேதைமையைச் சந்தேகித்தேன்.

என்ன எழுத்தாளன்! வீட்டுக்காரர்கள் அவளைக் கேட்பதில்லை, ஆகவே நாவலும் கேட்பதில்லை. பந்தியில் ஒரு இலை போடாமல் இடத்தை மட்டும் விட்டுவைப்பது போல, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டுவிட்டு அத்தியாயத்தை எடுத்துவிட்டான். ஒதுக்கிவைப்பதைப் பற்றி ஒரு வரி பிரசங்கம் இல்லை. ஒதுக்கியே காட்டிவிட்டான். இதையெல்லாம் மதிய சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மெஷினில் ஒன்பது பக்கம் டைப் அடித்தேன். தலைப்பு, 'இல்லாத அத்தியாயங்கள்'.

ஞாயிறு காலை பாசஞ்சரைப் பிடித்து, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, திருவள்ளூர் போய்ச் சேர்ந்தேன். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. பெஞ்சுகளில் முப்பது பேர், பாதிப்பேர் கோர்ட்டிலும் தாலுக்கா ஆபீசிலும் வேலை பார்ப்பவர்கள். நான் பேசினேன். பேசினேன் என்பது அடக்கம், வெளுத்து வாங்கினேன். முன்வரிசையில் ஒருவர் குறிப்புக்கூட எடுத்தார். எட்டு மௌனங்கள் என்று சொன்னபோது எனக்கே புல்லரித்தது. கைதட்டினார்கள். லிஸ்டில் இரண்டாம் இடம் நிச்சயம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அப்போது பின் பெஞ்சில் ஒருவர் எழுந்தார். கோர்ட் குமாஸ்தாவாம். மிகவும் தயங்கித்தான் பேசினார்.

"தப்பா நெனைக்காதம்மா. நாலாம் அத்தியாயம் கீது. எட்டும் கீது, பன்னெண்டும் கீது. நான் வாராவாரம் பட்ச்சேன். அதெல்லாம் அந்தப் பொம்பளயே தன் வாயால சொல்றாப்ல வரும். அந்தக் கொழந்த செத்துப்போறதே நாலாவதுலதான்."

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். குறிப்பெடுத்தவர் பேனாவை மூடினார். எனக்கு வந்த வழி தெரியவில்லை, ஸ்டேஷன் போய் எந்த வண்டியில் ஏறினேன் என்றும் நினைவில்லை. அவமானத்தில் வழி முழுக்க அழுதேன். பக்கத்தில் கீரைக்கூடையோடு இருந்த அம்மா, எனக்கு ஏதோ சாவு என்று நினைத்து, ஒரு கொய்யாப்பழம் கொடுத்தாள்.

மறுநாளே குவார்ட்டர்ஸ் போனேன். ஹெட் கிளார்க் அம்மா துளிகூட மறைக்கவில்லை.

"ஓ, அதுவா? நான்தான் எடுத்துட்டேன். அவ பேசற பேச்சே புரியல. எப்பப் பார்த்தாலும் ஒரே அழுகை. அது இல்லாமலே கதை நல்லாத்தானே போகுது? பைண்டும் ரொம்பக் கனமா வந்துது."

கெட்ட எண்ணமே இல்லை. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கியிருக்கிறார். சுற்றில் எனக்கு முன்னால் படித்த மூன்று பேரும் எண் தாண்டுவதைக் கவனிக்கவில்லை என்று ஆபரேட்டர் சத்தியம் செய்தாள். "குழந்தைய மறந்துட்டேண்டி" என்றாள். லிஸ்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அந்த அம்மாவும் பேசவில்லை.

பழைய இதழ்கள் முழுசாக எங்கே கிடைக்கும்? மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சலூன். காத்திருப்பவர்களுக்காக வருடக்கணக்கில் பத்திரிகை அடுக்கிவைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் சலூனுக்குள் ஒரு பெண் நுழைவது, கோயிலுக்குள் எருமை நுழைவதைவிடப் பெரிய சம்பவம். முகத்தில் பாதி சோப்பு நுரையோடு இருந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

சலூன்காரர் தெலுங்குக்காரர். "இன்னாம்மா, வழி தப்பி வந்துட்டியா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். கத்தி துடைக்க அந்தக் காகிதங்களைத்தான் கிழிப்பார் என்று தெரியும், அதையும் கேட்டேன்.

"கதைய கிழிக்க மாட்டேம்மா. கஸ்டமர் கத்துவான். வெளம்பரத்ததான் கிழிப்பேன்" என்றார். நாற்காலியில் இருந்தவரை அப்படியே விட்டுவிட்டு, அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்து தேடினார். எட்டும் கிடைத்தன. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மட்டும் நுரை காய்ந்த கறை.

அன்றைக்கே எட்டையும் படித்தேன். உண்மையைச் சொல்வதென்றால், ஹெட் கிளார்க் அம்மா சொன்னதில் பாதி சரி. எழுத்தாளர் எங்கள் தெருப் பக்கம் வந்தவரே இல்லை. அவர் எழுதிய பேச்சை மீஞ்சூரிலும் பேசுவதில்லை, மெட்ராஸிலும் பேசுவதில்லை. அந்தப் பெண் பக்கத்துக்கு இரண்டு தரம் அழுகிறாள். எங்கள் காலனிப் பெண்கள் நடவு வயலில் அடிக்கும் கேலிக்கு ஆண்கள் வரப்பு மாறிப் போவார்கள். அவளுக்கு ஒரு கிண்டல்கூட எழுதிக்கொடுக்கவில்லை. போதாததற்கு வீட்டுக்காரர்களுக்கு மூன்று அத்தியாயம், அவளுக்கு ஒன்று. கூலிக்கு நெல் அளக்கிற கை அப்படியே நாவலையும் அளந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பன்னிரண்டாவது வேறு. பதினொன்றில் கூடத்தில் ஒரு கல்யாணம் நடக்கிறது. பட்டு, நாகஸ்வரம், வைரத்தோடு எல்லாம் வருகிறது. பன்னிரண்டில் அதே கல்யாணம், கொல்லையிலிருந்து. அவளுக்குக் கூடம் தெரியாது. இருபது வருடம் வேலை செய்த வீட்டின் முன்பாதியை அவள் பார்த்ததில்லை. மேளம் கெட்டியாக ஒலிப்பதை வைத்துத் தாலி கட்டியாயிற்று என்று அறிகிறாள். வந்து விழும் எச்சில் இலைகளை வைத்து எத்தனை பந்தி என்று அறிகிறாள். நான்கில் செத்த குழந்தையைப் பற்றி ஒரே ஒரு வரி, அழாமல். குழந்தை சாகக் கிடந்தபோது, நடவு முடிந்துதான் வீட்டுக்குப் போகலாம் என்று அவளை நிறுத்திவைத்த அதே ஆள், இப்போது இலைக்குழியைக் காட்டி வழி சொல்கிறான். படித்துவிட்டு வாசலில் போய் நின்றேன். அந்த எழுத்தாளர் மீது எனக்கிருந்த கடுப்பெல்லாம் போய்விட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு வீட்டுக்கு இரண்டு வீடு இருப்பது தெரியும். ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கல்யாணம். திருவள்ளூரில் நான் பேசியது முழுக்கத் தப்பும் இல்லை. அந்த மௌனங்களைச் செய்த ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

எட்டையும் கோந்து போட்டு, நூல் கோத்து, பழைய காலண்டர் அட்டையில் நானே பைண்டு செய்தேன். கோணலாக வந்தது. இதற்குள் திருவள்ளூர்க் கூத்து கம்பெனி முழுக்கப் பரவியிருந்தது. அப்படி என்னதான் இருக்கிறது அந்த எட்டில் என்று குவார்ட்டர்ஸ் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நான் ஒரு லிஸ்ட் டைப் அடித்தேன், கார்பன் வைத்து ஐந்து பிரதி. முதலில் நான். ஹெட் கிளார்க் அம்மாவைக் கடைசியில் போடத்தான் கை துறுதுறுத்தது. யோசித்து இரண்டாவதாகப் போட்டேன். கடைசியில் போட்டால் அவர் ஆபரேட்டர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

பியூன் துணிப்பையோடு வந்தார். "லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே" என்றேன். அவர் பையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மூன்றாம் நாள் அந்த அம்மாவே குடையோடு வந்தார். வானம் மூட்டமாக இருந்தது. ஆபரேட்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேஜை மேல வையேம்மா" என்றார்.

நான் வைக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சின்னப் புத்தகம்தான், ஆனாலும் கை வலித்தது. கடைசியில் அவர் குடையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வாங்கினார். வாங்கிய வேகத்தில் பக்கங்களுக்கு நடுவிலிருந்து இரண்டு மூன்று மயிர்கள் அவர் புடவையில் விழுந்தன.

"என்ன இது?"

"மீஞ்சூர் சலூன்ல இருந்து வந்ததுங்கம்மா. வேணும்னா வெயில்ல வெச்சு எடுத்துக்குங்க."

அவர் முகம் சிவந்தது. ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

அடுத்த வாரம் அது கணக்கர் மனைவிக்குப் போனது என்று கேள்விப்பட்டேன். பியூன் தேநீர் கொண்டுவந்தபோது, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன், மதில் மேல் வைத்தார்களா என்று.

"இல்லம்மா, வெக்கவே இல்ல. ஊட்டுக்குள்ளயே இருந்துச்சு. நேரா கணக்கர் அம்மா கையில குட்த்துட்டாங்கோ."

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் தேநீரைக் கார்பன் பேப்பர் மேல் சிந்தினேன். அவர் தன் துணியால் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்.

"வெயில் எங்கம்மா அட்ச்சுது? வாரம் பூரா மழையாச்சே."

வேறு யார் யாரையோ மன்னித்துவிட்டேன். அந்த ஒரு வாரத்து மழையை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.