ஆடி அமாவாசையில் மலைச் சைக்கிள்

என் கணவருக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்ததற்கு மகள் கொடுத்த பரிசு, சுவிசில் ஒரு நாள் மலைச் சைக்கிள் பயணம். லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டிலிருந்து விமான நிலைய வேலைக்கு இருபது வருடமாகச் சைக்கிளில் போய் வருகிற மனிதர், மலையென்றால் துள்ளிக் குதிப்பார் என்று அவள் நினைத்தாள். தட்டையான ரோட்டில் ஓடுவதும் மலையில் ஓடுவதும் ஒன்றா என்று கேட்டேன். இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, போவதென்றால் எல்லோருமாகப் போவோம் என்று, மகளின் லீவும் என் ஷிப்டும் ஒத்துவந்த சனிக்கிழமையை நானே தெரிந்து சொன்னேன். கலண்டரைப் பார்க்காமல் சொன்னேன். அதற்காக இன்றைக்கும் என்னையே என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்கு ஆடி அமாவாசை. எங்கள் ஆட்களில் தகப்பனை இழந்தவர்கள் அன்று விரதம் இருப்பார்கள். சமைத்துப் படைத்து, முதற் பிடியைக் காகத்துக்கு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் தாங்கள் சாப்பிடுவார்கள். இவருடைய தகப்பன், என் மாமா, இறந்த நாளிலிருந்து இவர் ஒரு வருடமும் விட்டதில்லை. ஹவுன்ஸ்லோவில் எங்கள் பின்வளவு வேலியில் காகத்துக்குப் பஞ்சமும் இல்லை.

காலையில் விடுதியில் அவர் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்றார். முதல் நாள் தின்ற சீஸின் வேலை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கேபிள் கார் எங்களைப் பள்ளத்தாக்குக்கு மேலே இறக்கியது. வழிகாட்டியாக வந்தவள் ஓர் இளம் சுவிஸ் பெண். இறக்கத்தில் சீற்றில் இருக்காமல் பெடலில் எழுந்து நிற்க வேண்டும், முன் பிறேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புறப் போவீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். பாதை ஓர் ஆள் நடக்கிற அகலம். இடது பக்கம் பாறை. வலது பக்கம் ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தால் அடியில் ஆறு வெள்ளை நூலாகத் தெரிந்தது. இவரோ முதல் ஒரு மணி நேரம் இளந்தாரி மாதிரி ஓடினார். வழிகாட்டி எல்லோருக்கும் ஓட்ஸ் பார் கொடுத்தபோது இவர் தன்னுடையதைச் சட்டைப் பைக்குள் வைத்ததைக் கண்டேன். பிறகு தின்பார் என்று விட்டுவிட்டேன்.

ஓர் ஏற்றம் முடிந்து மறுபடி இறங்கும்போது அவருடைய சைக்கிள் வலது பக்கமாக இழுபட்டது. "கரையாலை போகாதேங்கோ!" என்று கத்தினேன். திரும்பவில்லை. சைக்கிள் சில்லுப் பட்டுக் கற்கள் உருண்டு விழுந்தன. விழுந்த சத்தம் கேட்கவே நேரமெடுத்தது. மகள் தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, பாறைப் பக்கமாக இழுத்து இருத்தினாள். தொட்டுப் பார்த்தேன். உடம்பு வேர்வையில் நனைந்து குளிர்ந்திருந்தது. கண் எங்கோ பார்த்தது.

"அம்மா, இட்ஸ் ஹிஸ் சுகர்," என்றாள் மகள். "அப்பா, மோர்னிங் சாப்பிட்டீங்களா?"

"இண்டைக்கு ஆடி அமாவாசை எல்லோ," என்றார், நாக்குத் தடுமாற.

"சீனிக் குளிசை போட்டனீங்களோ?" என்று நான் கேட்டேன்.

"ஓம். குளிசை சாப்பாடு இல்லைத்தானே."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அறைந்திருப்பேன். நீரிழிவுக்காரர், சீனியைக் குறைக்கிற மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு மலையில் சைக்கிள் ஓடியிருக்கிறார்! பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று பயணத்தையும் விடவில்லை, தகப்பனுக்காக விரதத்தையும் விடவில்லை.

வழிகாட்டியின் போனில் சிக்னல் இல்லை. பையிலிருந்து இரண்டு குளுக்கோஸ் பைக்கற்றுகளை எடுத்து என் கையில் வைத்தாள். உடனே கொடுக்க வேண்டும், ஆனால் வாயைப் பலவந்தமாகத் திறந்து ஊற்றினால் புரைக்கேறிவிடும், அவராக விழுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, உதவி கூப்பிடக் கீழே பறந்தாள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "அப்பாவுக்கு இன்னும் குடுக்கேல்லை. காகம் எடுக்கட்டும்," என்றார். கெஞ்சினேன், ஏசினேன். அந்த மனிதர் புத்தி தெளிவாக இருக்கும்போதே பிடிவாதக்காரர். இப்போது புத்தியும் நழுவிக்கொண்டிருந்தது. கண் செருகத் தொடங்கியது. மயங்கிவிட்டால் அதன்பிறகு எதையும் வாயில் கொடுக்க ஏலாது, எங்கள் கண் முன்னாலேயே போய்விடுவார் என்பது எனக்கு விளங்கியது.

அவருடைய பையிலிருந்த ஓட்ஸ் பாரைப் பிய்த்து, அவருக்குப் பின்னாலிருந்த பாறையில் ஒரு துண்டை வைத்தேன். வானத்தைப் பார்த்தேன். காகமில்லை, குருவியில்லை, ஓர் ஈ இலையான்கூட இல்லை. "மாமா, உங்கட மகன் சாகப்போறார், எதையாவது அனுப்புங்கோ," என்று வாய்விட்டே கேட்டேன். ஒன்றும் வரவில்லை. துண்டைக் காலால் தட்டிப் பள்ளத்துக்குள் விட்டேன்.

"காகம் எடுத்திட்டுது. வாயைத் திறவுங்கோ."

"நீர் பொய் சொல்லுவீர்," என்றார். அந்த நிலையிலும் என்னை அளந்து வைத்திருந்தார். பிறகு மெல்ல மகள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "பிள்ளை, நீ கண்டனியோ?"

அவள் அவரிடம் பொய் சொன்னதே இல்லை. சின்ன வயதில் என்னிடம் ஒளித்த பள்ளிக்கூடக் கடிதங்களையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டியவள். வீட்டில் பாதிக்கு மேல் ஆங்கிலம் பேசுகிறவள். நான் தட்டியதை அவள் பார்த்திருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள்.

"ஓம் அப்பா. கண்டனான். பெரிய காகம். உங்களைப் பாத்திட்டுத்தான் எடுத்தது."

"அப்பா இவ்வளவு தூரம் வந்திட்டாரே," என்று சொல்லி வாயைத் திறந்தார். முதல் பைக்கற்றைச் சிறிது சிறிதாகப் பிழிந்தேன். விழுங்கினார். இரண்டாவதைப் பல்லால் கிழித்தேன். மகள் பாறைப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

லண்டனில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவர் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. சுவிஸ் மலைக்குக்கூடத் தகப்பன் வந்தாராம். நம்பாதவர்களிடம், "பிள்ளையைக் கேளுங்கோ, அவள் கண்டவள்," என்பார். அவர்கள் அவளைப் பார்ப்பார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் "ஓம்" என்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து தேத்தண்ணீர் போடுவதுபோலக் குசினிக்குள் போய்விடுகிறேன்.