காரக்கோணத்தில் காத்திருந்த ஜீப்

பாறசாலையில் நான் பால் வாங்கப் போகும் வழியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நேரில் அல்ல, ஃபிளெக்ஸ் பலகையில். நான் வளர்ந்த லால்குடியில் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தால் அது காதுகுத்து, கல்யாணம், இல்லாவிட்டால் கண்ணீர் அஞ்சலி. இங்கே எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கினாலே முகம் ஏறிவிடுகிறது. வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தவர், பணி ஓய்வு பெற்ற தபால்காரர் என்று யாரையும் விடமாட்டார்கள். ஃபிளெக்ஸோடு ஒரு சுவீகரணமும் உண்டு. சுவீகரணம் என்றால் வரவேற்பு. கல்யாணமாகி மூன்று வருடமாக இங்கே இருந்தும், அது மாலையோடும் பொன்னாடையோடும் முடிகிற காரியம் என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் அவசரப்பட்டு ஒரு தவறு செய்தேன்.

என் மாமனார் ஸ்டீபனுக்கு அறுபத்தேழு வயது. மாமியார் லீலாபாய்க்கு அறுபத்துநான்கு. இங்கே மாமி என்பார்கள். எனக்கு எங்கள் ஊர் வழக்கப்படி அத்தை என்றுதான் வரும். மாமா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர், பெரும்பாலும் மலைத் தடங்களில். அத்தை நெய்யாற்றின்கரையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கேரளத்தின் வடக்கு மூலையில் தொடங்கும் மலையோரச் சாலை காடும் தோட்டமும் ஏறி இறங்கி எங்கள் பாறசாலையில் வந்து முடிகிறது. அந்தச் சாலை முழுவதையும் இருவரும் முதுகில் பையோடு நடந்தே வந்தார்கள். மூன்று மாதம் ஆனது. ஏன் என்று கேட்டதற்கு மாமா சொன்னார்: “முப்பது வருஷம் மலையில வண்டி ஓட்டினேன் மக்கா. வளைவத்தான் பாத்தேன், மலையப் பாக்கல்ல.” அத்தையிடம் கேட்டேன். “இவரு பாக்கப் போனா நான் என்ன, வீட்டுல இருந்து கப்பக்கிழங்கு வேவிக்கணுமா?” என்றார்.

புறப்படுவதற்கு முன் இரண்டு மாதம் பழகினார்கள். பையில் எட்டு கிலோ அரிசியை நிரப்பிக்கொண்டு ஆரியங்கோட்டு ரப்பர்த் தோட்டங்களில் காலையில் ஏறி இறங்குவார்கள். மாமாவின் கூட்டாளி ஞானதாஸ் அண்ணன், எங்கள் சர்ச் சபையின் காரியதரிசி, வழியில் பார்த்துவிட்டு, “எலே ஸ்டீபா, ரேசன் அரிசிய வாங்கிட்டு வீட்டுக்கு வழி தெரியாம சுத்துறியா?” என்று கேட்டாராம். அதை மாமாவே வந்து சொல்லிச் சிரித்தார். இரண்டே விதிகள் வைத்துக்கொண்டார்கள். ஒரு அடிகூட வண்டியில் போகக் கூடாது. அவரவர் பையை அவரவரே சுமக்க வேண்டும். முதல் விதி மாமாவுடையது, இரண்டாவது அத்தையுடையது. பீர்மேட்டுப் பக்கம் கொட்டுகிற மழையில் ஒரு பழைய சக ஓட்டுநர் பேருந்தை நிறுத்திக் கெஞ்சியும் ஏறவில்லை என்று அத்தை தொலைபேசியில் சொன்னபோது, அவர் குரலில் இருந்த குதூகலத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்த மூன்று மாதமும் நான் பயந்துகொண்டேதான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணவருக்குக் கொச்சியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மகள் ஹன்னாவுக்கு ஒன்றரை வயது. “கைக்குழந்தைக்காரிய விட்டுட்டு இந்த வயசுல ஊர் சுத்தப் போயிட்டாங்களாடி?” என்று லால்குடியிலிருந்து அம்மா கேட்கும்போது அவர்களுக்காகப் பரிந்து பேசுவேன். போனை வைத்ததும் அம்மா சொன்னதுதான் சரியோ என்று தோன்றும். ஒருமுறை ஹன்னாவுக்குக் காய்ச்சல் நூற்றுமூன்று வந்தது. அத்தைக்குச் செய்தி எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், அழித்தேன். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அத்தை, “சொல்லியிருந்தா அடுத்த பஸ்ஸப் பிடிச்சிருப்பேன். நீ செஞ்சது செரியாண்ணு எனக்குத் தெரியல்ல மக்கா” என்றார். எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு அரைநாள் நடை பாக்கி இருக்க, அவர்கள் வெள்ளறடை வந்து சேர்ந்த அன்று மாலை ஞானதாஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். “சபைக்க பேருல ஒரு சுவீகரணம் வைக்கோம். காரக்கோணத்துல வண்டி நிக்கும். சம்மதம்தானே?” என்றார். இங்கே வந்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். பாதி புரிந்தாலும் முழுதும் புரிந்த மாதிரி தலையாட்டிவிடுவேன். திருப்பிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம். வண்டி, மாலை கொண்டுவருவதற்காக என்று எடுத்துக்கொண்டு சரி என்றேன். அத்தையிடம் சொல்லவில்லை. திடீரென்று பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரக்கோணம் போனேன். சாலையோரத்தில் மேல்மூடி இல்லாத ஜீப் ஒன்று. நான்கு பக்கமும் செவ்வந்தி மாலை. முன்னால் இருவர் முகமும் அச்சிட்ட ஃபிளெக்ஸ். பின்னால் செண்டைக்காரர்கள் இரண்டு பேர், சுற்றிலும் சபைக்காரர்கள் கூட்டம். “வந்த உடனே ரெண்டு பேரும் ஏறி நிக்கணும், கையக் காட்டணும், அவ்வளவுதான். அரைமணிக்கூறுல பாறசாலை போயிரலாம்” என்று ஞானதாஸ் அண்ணன் ஏற்பாட்டை விளக்கினார். அங்கிருந்து பாறசாலைக்கு இரண்டு மணிநேர நடை பாக்கி. மூன்று மாதம் நடந்தவர்களின் கடைசி இரண்டு மணிநேரத்தை நானே சரி என்று சொல்லி விற்றுவிட்டிருந்தேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வளைவில் அவர்கள் தெரிந்தார்கள்.

முதலில் அத்தை. கறுத்து, மெலிந்து, சுரிதாரின் முழங்கால் வரை செம்மண். பின்னால் இடதுகாலைச் சற்று இழுத்தபடி மாமா. செண்டை முழங்கியது. மாலை விழுந்தது. அத்தை ஜீப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாமாவை எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே யாருக்கும் மாட்டேன் சொல்லத் தெரியாத மனிதர். “எல்லாரும் வேலையப் போட்டுட்டு வந்திருக்காவ” என்று முணுமுணுத்தார். ஞானதாஸ் அண்ணன் அவர் கையைப் பிடித்து இழுக்க, ஒரு காலைத் தூக்கி ஜீப்பின் படியில் வைத்தார். அத்தை தன் பைவாரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“மாமா, ஏறாதீங்க.”

என் குரல்தான். அந்தக் கூட்டத்தில் யாரும் எதிர்பார்க்காத குரல், நானும் எதிர்பார்க்கவில்லை. செண்டை நின்றது. “தப்பு என்மேலதான். எனக்குப் புரியாம சரின்னு சொல்லிட்டேன். அவங்க நடந்தே வீட்டுக்குப் போகட்டும்” என்று எப்படியோ சொல்லி முடித்தேன். மாமா வைத்த காலை எடுத்துவிட்டார். ஞானதாஸ் அண்ணனின் முகம் சுருங்கியது. “பின்ன இந்த ஜீப்ப என்ன செய்ய? காலத்தே எழும்பி பூவு கெட்டினது நானாக்கும்” என்றார். அவர் வருத்தத்திலும் நியாயம் இருந்தது.

அத்தை அப்போதுதான் வாய் திறந்தார். “என் மருமவள ஏத்து ஞானதாஸே. நாங்க மலையப் பாத்தோம். வீட்டையும் பிள்ளையையும் பாத்தது அவளாக்கும்.” தன் கழுத்து மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். நான் மாட்டேன் என்றேன். “ஏறு மக்கா. உன்னக் கடிக்காது” என்றார்.

அப்படித்தான் நான் அந்த ஜீப்பில் நின்றேன். இடுப்பில் ஹன்னா, முன்னால் என் முகம் இல்லாத ஃபிளெக்ஸ். ஜீப் நடைவேகத்தில் ஊர்ந்தது. அதற்கு முன்னால் அவர்கள் இருவரும். மேலிருந்து பார்க்கும்போதுதான் ஒன்று தெரிந்தது. மாமாவின் கால் வலிக்கும்போது அத்தை திரும்பிப் பார்ப்பதில்லை, நிற்பதுமில்லை. தன் அடியை மட்டும் சிறிதாக்கிக்கொள்கிறார். மாமாவுக்கு அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். லால்குடியில் என் அப்பா எப்போதும் பத்தடி முன்னால் நடப்பார், அம்மா பின்னால் ஓடுவார். எனக்கும் என் கணவருக்கும் அறுபது வயதாகும்போது யார் அடியை யார் சிறிதாக்குவோம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். குன்னத்துக்காலில் ஒரு பெண் கடைவாசலில் நின்று, “இவளா நடந்தது?” என்று கேட்க, பக்கத்திலிருந்தவர், “அல்ல, ஸ்டீபனுக்க மருமவ. பாண்டிக்காரி” என்றார். இங்கே தமிழ்நாட்டுக்காரர்களை அப்படித்தான் சொல்வார்கள். வெட்கத்தில் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றியது. ஹன்னாவோ எல்லோருக்கும் கையாட்டினாள்.

பாறசாலையில் மலைச்சாலை தேசிய நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் இருவரும் நின்றார்கள். யாரும் கையை உயர்த்தவில்லை, கத்தவில்லை. அத்தை மாமாவின் பின்னால் போய் அவர் முதுகுப் பையை இறக்கினார். பிறகு மாமா அத்தையின் பையை இறக்கினார். மூன்று மாதத்தில் ஒருவர் சுமையை மற்றவர் தொட்டது அதுதான் முதல் முறை என்று அத்தை பிறகு சொன்னார்.

கூட்டத்தால் நாகர்கோவில் போகும் தமிழ்நாட்டுப் பேருந்து ஒன்று ஜீப்பை ஒட்டி நின்றுவிட்டது. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா, பேச்சு லால்குடிப் பக்கத்துப் பேச்சு, தலையை நீட்டி, “என்னம்மா விசேஷம்?” என்று கேட்டார். என் மாமனாரும் மாமியாரும் மலை வழியாகவே மூன்று மாதம் நடந்து வந்திருக்கிறார்கள் என்றேன்.

“எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?”

“கோயிலுக்கு இல்ல, வீட்டுக்காக்கும்” என்றேன். சொன்ன பிறகுதான் அந்த ‘ஆக்கும்’ அத்தையின் பேச்சு என்று எனக்கே உறைத்தது. பேருந்து நகர்ந்தது. “மலையாளத்துப் பொண்ணு, தமிழ் நல்லா பேசுது” என்று அந்த அம்மா பக்கத்து இருக்கையில் சொல்வது காதில் விழுந்தது. ஜீப்பின் மறுபக்கத்தில், “எம்மா பாண்டிக்காரி, எறங்கு” என்று ஞானதாஸ் அண்ணன் சிரித்தபடி கை நீட்டினார். குழந்தையை அவரிடம் கொடுத்தேன். பேருந்து கண்ணிலிருந்து மறையும் வரை நான் மட்டும் மாலையோடு மேலேயே நின்றிருந்தேன்.